எழுநூற்று நாற்பது கிராம்

எதிர் வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. காரணம் என்ன என்று கேட்காதீர்கள். இந்த மூன்றாவது மாடியில் யார் வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுகூட எனக்குத் தெரியும். இது மட்டும் தெரியாது. அவர் தரப்பில் ஒரு கதை, அவள் தரப்பில் ஒரு கதை, இரண்டாவது மாடியில் ஒரு கதை என்று மொத்தம் மூன்று கதைகள் உலவின. மூன்றையும் நானே பரப்பியிருக்கிறேன், எதையும் நான் நம்பவில்லை.

அவர் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். முப்பது வருஷக் கடை. டாக்டர் சீட்டில் கிறுக்கியிருப்பதை டாக்டரே படிக்க முடியாவிட்டாலும் இவர் படித்துவிடுவார். அவள் ஊருக்கு வெளியே பாட்டில் கம்பெனியில் பாதுகாப்பு சூப்பர்வைசர். தலையில் தொப்பி போடாத ஆளையும், ஈரத்தரையில் ஓடுகிற ஆளையும் பிடித்துத் திட்டுவதற்குச் சம்பளம். காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். செல்போனைக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள், சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும்.

நான் துணி ஆல்டர் பண்ணுகிறவள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடித்துவிடுவது, இந்த மாதிரி. என் தையல் மிஷின் வாசலைப் பார்த்தபடி கிடக்கும். வெளிச்சத்துக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாடிப்படி இருட்டு என்பதை யாரும் இதுவரை எனக்கு எடுத்துச் சொன்னதில்லை.

ஆக, இரண்டு வாசலுக்கும் நடுவில் நாலு எட்டு. அந்த நாலு எட்டும் என் ராஜ்ஜியம்.

"அக்கா, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்று அவள் சொல்லிவிட்டு வேனுக்கு ஓடுவாள். மத்தியானம் ஒரு மணிக்கு அவர் கடை ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிட வருவார். நான் எழுந்து போய், "தம்பி, கேஸ் தீர்ந்துபோச்சாம். வீட்டுல ஒரு ஆம்பளை இருக்கறதே சந்தேகமா இருக்காம்" என்பேன். இரண்டாவது வாக்கியம் என்னுடையது. சேதி சப்பென்று இருந்தால் யாருக்குப் பிடிக்கும்? அவர் முகம் சிவக்க, "பாட்டில் கம்பெனியில கேஸ் கிடைக்காதான்னு கேளுங்க" என்பார். அதைச் சாயங்காலம் அவளிடம் சேர்ப்பேன், அதற்கும் கொஞ்சம் காரம் தூவித்தான். இப்படி நாலு வருஷம் ஓடியது. என்னைக் கேட்டால் நான் அந்தக் குடும்பத்தைக் கட்டிக் காத்தேன் என்றுதான் சொல்வேன். சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பூனைக்குட்டி வந்தது.

நாலு நாளாக விடாத மழை. கடைக்குப் பின்னால் போட்டிருந்த குளுக்கோஸ் அட்டைப்பெட்டிக்குள் கிடந்ததாம், தனியாக. தாயும் இல்லை, கூடப் பிறந்ததும் இல்லை. சாம்பல் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று, ஒரு கண் பீளையில் ஒட்டிக்கொண்டு. அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியேறினதை நான் பார்த்தேன். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வந்ததால் முதலில் ஹார்ட் அட்டாக் என்று நினைத்தேன். ஒருவிதத்தில் அப்படித்தான் ஆயிற்று.

சாயங்காலம் அவள் என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, சமையல்கட்டு வாசல்ல என்னமோ கிடக்கு. எங்கேருந்து வந்துதோ அங்கேயே கொண்டுபோய் விடச் சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னேன். "மழை விடட்டும்னு சொல்லுங்க" என்றார்.

மழை மறுநாளே விட்டுவிட்டது. இதைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பார்க்கிறேன், அவள் கம்பெனியிலிருந்து கறுப்பு மஞ்சள் டேப் ஒரு சுருள் கொண்டுவந்திருக்கிறாள். பள்ளம் தோண்டுகிற இடத்தில் ஒட்டுவார்களே, அது.

அதற்கப்புறம் அந்த வீடு வீடாக இல்லை, தொழிற்சாலை ஆயிற்று. தொங்குகிற ஒயரையெல்லாம் சுவரோடு சேர்த்து டேப் போட்டாள். பால்கனிக்கு வலை அடித்தாள், தானே ஸ்டூல் போட்டு ஏறி. கழிப்பறை மூடிமேல் ஒரு ஸ்டிக்கர்: மூடு. வாஷிங் மெஷின் கதவில் இன்னொரு ஸ்டிக்கர்: போடும் முன் உள்ளே பார். ரப்பர் பேண்ட், பாலிதீன் பை, குண்டூசி எல்லாம் டப்பாவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. ஜாடியில் வைத்திருந்த வெள்ளை லில்லிப் பூ, பூனைக்கு அந்தத் தூள் பட்டாலே ஆகாது என்று யாரோ சொன்னார்களாம், அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று. என் வீட்டுக்கும் தடை வந்தது.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. உங்க வீட்டுல எங்க பாத்தாலும் நூல். அது முழுங்கிடுச்சுன்னா குடல்ல சுத்திக்குமாம். குட்டி இந்தப் பக்கம் வந்தா உள்ள விடாதீங்க."

முப்பத்தைந்து வருஷமாக நான் இந்த நூலோடுதான் குடும்பம் நடத்துகிறேன், என் குடலில் சுற்றவில்லை. சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

அவர் பங்குக்கு அவரும் சும்மா இல்லை. வெந்நீரில் பஞ்சை நனைத்து நனைத்து அந்தக் கண்ணைத் திறக்க வைத்தார். முதல் நாள் மாட்டுப்பால் வைத்து அது பேதியாகிப் போனதில், பூனை டாக்டரிடம் போய்க் கேட்டுக் குட்டிகளுக்கான பால்பவுடர் வாங்கி வந்தார். கடையிலிருந்து தராசைக் கொண்டுவந்தார், பச்சைக் குழந்தையை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில் ஒரு துண்டை விரித்து, குட்டியை உட்கார வைத்து, அது ஆடி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக நின்று, சமையல்கட்டு காலண்டரில் எழுதுவார். நானூற்று ஐம்பது. ஐந்நூற்று இருபது. அறுநூற்று முப்பது. கீழே யாரோ சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் சிவப்புப் பேனா வைத்திருப்பது சூப்பர்வைசரம்மா ஒருத்திதான்.

பிறகு ஒருநாள் அவள் குரல் கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது.

"குட்டி, உங்கப்பாகிட்ட சொல்லு. பால்கனிக் கதவை இன்னொரு தடவை சாத்தாம விட்டா, அவரை வெளியில நிக்க வெச்சுச் சாத்திடுவேன்னு."

எனக்கு மிஷின் பெடலில் கால் நின்றுவிட்டது.

"முதலாளி," என்றார் அவர். அவருக்குக் குட்டி இல்லை, முதலாளி. "உங்கம்மாகிட்ட கேளு. குழம்புல உப்பு இல்லையே, உப்பு தீர்ந்துபோச்சா, இல்ல கோபமா?"

"ரெண்டும்னு சொல்லு."

அவர் சிரித்தார். நாலு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் சிரிப்பு. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாடியில் எல்லோரும் பட்டார்கள்.

ஆனால் நடந்ததைச் சொல்கிறேன்: அன்றிலிருந்து என் வாசலுக்கு யாரும் வரவில்லை. கேஸ், கரண்ட் பில், சாவி, எல்லாச் சேதியும் அந்த அறுநூற்று முப்பது கிராம் வழியாகப் போய் வந்தது. அது பேசாது, எதையும் சேர்க்காது, காதை மட்டும் ஆட்டும். நாலு வருஷ வேலை எனக்கு ஒரு வாரத்தில் போயிற்று. மிஷினை வேறு பக்கம் திருப்பிப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஐந்தாவது ஞாயிறு எழுநூற்று நாற்பது. அடுத்த செவ்வாய்க்கிழமை தடுப்பூசி.

அவள் காலையிலேயே கூடையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். திரும்பி வருகிறபோது அவர் கடைக்குப் போயிருந்தார். கீழே கம்பெனி வேன் ஹாரன் மேல் ஹாரன். குட்டியை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டு, செருப்பைப் போட்டபடியே என் வாசலில் வந்து நின்றாள். இரண்டு வாரம் கழித்து.

"அக்கா, ஊசி போட்டாச்சு. இன்னிக்கு முழுக்கச் சோர்ந்துதான் கிடக்குமாம், உடம்பு கொஞ்சம் சுடுமாம். நாளைக்குத் தானா சரியாயிடும். அவர்கிட்ட சொல்லுங்க, நாம சாப்பிடற காய்ச்சல் மருந்து பூனைக்கு விஷமாம், ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்னு. அது சுருண்டு கிடக்கறதைப் பாத்தா அவருக்கு மனசு தாங்காது அக்கா. கை சும்மா இருக்காது. அதுக்காகத்தான். மறந்துடாதீங்க."

"நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பாதிப் படியில் நின்று மறுபடியும் ஏறிட்டுப் பார்த்தாள். "அதுக்குப் பேசத் தெரியாதேன்னுதான் உங்ககிட்ட சொல்றேன்" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனாள். ஹாரன் நின்றது.

மத்தியானம் வரைக்கும் அந்தச் சேதியை நான் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பேன்ட்டுக்கு இடுப்புப் பிரித்தேன். அவருக்கு மனசு தாங்காது. நாலு வருஷத்தில் அவள் அவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அப்புறம் அவர்களுக்கு நடுவில் பூனையும் வேண்டாம், நானும் வேண்டாம். இப்படி வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். நூலை ஊசியில் கோக்கிற நேரத்தில் ஓரமாக ஒன்று வந்து போகுமே, அந்த மாதிரி.

ஒரு மணிக்கு அவர் படியேறி வந்தார்.

"தம்பி, குட்டிக்கு ஊசி போட்டாச்சாம். இன்னிக்குச் சோர்ந்து கிடக்குமாம்."

"சரி அக்கா. வேற ஏதாவது சொன்னாளா?"

அவர் கேட்ட விதத்தில் ஒரு ஆசை தெரிந்தது. அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"சொன்னா. உங்க மருந்துக்கடை வைத்தியத்தை எல்லாம் குட்டிகிட்ட காட்ட வேண்டாமாம்."

சாவி பூட்டில் நின்றது. "அப்படியா சொன்னா?"

"அப்படித்தான்."

"முப்பது வருஷமா இந்தத் தெருவுல பிறந்த குழந்தைக்கெல்லாம் நான்தான் மருந்து அளந்து குடுத்திருக்கேன். பாட்டில் கம்பெனிக்காரி எனக்குச் சொல்றாளா?"

"அதை நான் கேக்கல தம்பி. சேதியை மட்டும் சொன்னேன்" என்றேன். எனக்குப் பழைய தெம்பு வந்திருந்தது. சாயங்காலம் அவளிடம் இந்தப் பாட்டில் கம்பெனிக்காரியைச் சேர்ப்பதற்கு இப்போதே மனசுக்குள் காரம் அரைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை, பிறகு அவர் டாக்டரிடம் சொன்னபோது கேட்டது. குட்டி சோபாவுக்கு அடியில் சுருண்டு கிடந்ததாம். பால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். காது சுட்டதாம். அவர் அரைமணி நேரம் தரையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்து, காலண்டரைப் பார்த்து, எழுநூற்று நாற்பது கிராம், குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு இத்தனை என்றால் இதற்கு எத்தனை என்று கணக்குப் போட்டு, வந்த விடையிலும் கொஞ்சம் குறைத்து, பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற காய்ச்சல் மருந்தில் ரெண்டு சொட்டு. கணக்கில் பிசகே இல்லை. அதே எடையில் ஒரு குழந்தை இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

அன்றைக்கு அவர் மறுபடியும் கடைக்குப் போகவில்லை. நாலு மணிக்கு என் கதவைத் தட்டினார், பக்கத்தில் காலிங் பெல் இருந்தும்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

குட்டியின் முகம் வீங்கியிருந்தது. ஈறு சாக்லேட் நிறத்தில் இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது, சத்தம் வராமல்.

"ஏதாவது முழுங்கியிருக்குமா? உங்க நூல் ஏதாவது...?"

"இங்க வரவே இல்ல தம்பி" என்றேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நானும் கூடப் போனேன். டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"மனுஷங்க மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

அவர் பெயரையும் அளவையும் சொன்னார், சீட்டில் எழுதிக் கொடுப்பதுபோல நிதானமாக. "எடைக்குத் தக்கபடிதான் குடுத்தேன்."

"பூனைக்கு அளவே கிடையாது சார். அது உடம்பு இதை உடைக்காது. ரத்தமே கெட்டுப்போயிடும்." டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, "காலையில அந்தம்மாகிட்ட ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேனே" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகத்தில் ஈயாடவில்லை.

மாற்று மருந்து ஒன்று இருந்தது, ஏற்றினார்கள். மூக்குக்கு ஒரு சின்னப் புனல் வைத்து ஆக்சிஜன் விட்டார்கள். ஆறு மணிக்குக் கேட்டில் போனைத் திருப்பி வாங்கியதும் அவள் என் பதினோரு அழைப்புகளைப் பார்த்திருக்கிறாள். கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே அங்கே வந்துவிட்டாள்.

குட்டியைப் பார்த்தாள். பிறகு நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"எவ்வளவு?"

"ரெண்டு சொட்டு."

"அக்கா சொன்னாங்கல்ல?"

நான் வாயைத் திறந்திருக்கலாம். அதற்கென்று என் வாய்க்கு இருந்த பழக்கம் கொஞ்சமா நஞ்சமா? அவர் என்னைப் பார்த்தார். மருந்து வேண்டாம் என்று நான் சொன்னதும் உண்மைதானே. அவர் மனசுக்குள் அதைத்தான் புரட்டியிருப்பார்.

"சொன்னாங்க" என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

குட்டி மறுநாள் காலை பத்து மணிவரை தாக்குப்பிடித்தது. அவள் லீவு போட்டிருந்தாள். அவர் கடை திறக்கவில்லை. இரண்டு பேரும் அதே கூடையில் வைத்து, ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்கள், கனமான எதையோ தூக்குவதுபோல. அப்புறம் கீழே இறங்கி மதிலோரம் அவர் குழி தோண்டினார். அவள் நின்று பார்த்தாள். மேலேயிருந்து நானும்.

இரண்டாவது மாடியில் கதை வேறு மாதிரி போயிற்று. மருந்துக்கடைக்காரர் வேண்டுமென்றே கொடுத்தாராம், பெண்டாட்டி மேல் இருந்த காட்டத்தில். கடைக்கு வருகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி என்னிடமே வந்து, "உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சொல்லுங்களேன்" என்று வாயைக் கிளறினாள். ஜிப் மாட்டிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் வா என்று அனுப்பிவிட்டேன். என்னை அப்படிப் பார்த்ததில்லை அவள், உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பதினைந்து நாள் கழித்து, மத்தியானம், அவர் வந்தார். என் வாசலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அவ உங்ககிட்ட என்ன சொன்னா? அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க."

நான் சொன்னேன். ஊசி போட்டாச்சு என்பதிலிருந்து மறந்துடாதீங்க என்பது வரைக்கும், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல். மனசு தாங்காது என்ற இடத்தில் அவர் கையை நீட்டி, "அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

"'அது சுருண்டு கிடக்கறதைப் பாத்தா அவருக்கு மனசு தாங்காது. கை சும்மா இருக்காது.'"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமான கை, நகம் ஒட்ட வெட்டியது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நானே போய் அவகிட்ட சொல்லிடறேன் தம்பி. என் தப்புன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம்."

"இல்ல, உங்கமேல..."

"வேண்டாம் அக்கா. அவ இந்த மாடியில பேசறது உங்ககிட்ட மட்டும்தான். நீங்களும் இல்லைன்னா அவ யாருகிட்ட பேசுவா?"

ஸ்டூலை இருந்த இடத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

நான் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்றார் என்பதற்காக என்று இருக்கட்டும்.

டேப்பெல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பால்கனி வலையும். அவள் துணி போடுவதற்கு முன்னால் வாஷிங் மெஷினுக்குள் குனிந்து பார்ப்பதை நான் போன வாரம்கூடப் பார்த்தேன். காலண்டரில் மாசத்தைக் கிழிக்கவில்லை.

இன்று காலை என் வாசலில் வந்து நின்றாள். கீழே வேன் ஹாரன். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறது அவளுக்கு.

"அக்கா, அந்தத் தராசைக் கடைக்கே எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க அவர்கிட்ட."

"சரிம்மா."

மத்தியானம் ஒரு மணிக்கு அவர் வந்ததும் எழுந்தேன். நாலு எட்டு. "தராசைக் கடைக்கே எடுத்துட்டுப் போகச் சொன்னா" என்றேன்.

வேறு ஏதாவது சொன்னாளா என்பதுபோல ஒரு நொடி என் வாயைப் பார்த்தார். அவ்வளவுதான் என்றேன்.

"சரின்னு சொல்லிடுங்க."

சாயங்காலம் அவள் வந்ததும் மறுபடியும் நாலு எட்டு நடந்து போய், "சரின்னாரு" என்றேன்.